என்.எஸ். இரண்டும் ஓர் ஒட்டகச்சிவிங்கியும்

துறைமுகத்தில் நின்றிருந்த கப்பலிலிருந்து ஒரு கழுத்து வெளியே நீண்டிருந்தது. கழுத்தின் உச்சியில் இரண்டு குட்டிக் கொம்புகள். அதற்குக் கீழே, உலகத்தில் எதைப் பற்றியும் கவலைப்படாத ஒரு முகம்.

“காலையிலேருந்து அது அப்படியேதான் நிக்குது,” என்றார் விலங்குக் காட்சிச்சாலையின் இயக்குநர், தன் மூன்றாவது மாடி அறையின் சன்னல் வழியாகக் கையை நீட்டி. “நாலு மணிக்குக் கப்பல் கிளம்பிடும். அதுக்குள்ள இறக்கலேன்னா வந்த ஊருக்கே திரும்பிப் போயிடும். நான் ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டிட்டேன் அண்ணி!”

அண்ணி என்று அவர் அழைத்தது துப்பறியும் நிறுவனத்தின் தலைவியை. அவரிடம் உதவியாளனாக இருப்பவன் அவருடைய கணவனின் தம்பி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே, வந்திருந்த வாடிக்கையாளர் முன்னால் “அண்ணி, டீ ஆறுது” என்று அவன் சொல்லி வைத்தான். அன்றிலிருந்து ஊருக்கே அவர் அண்ணி. பதிலுக்கு அண்ணி அவனுக்கு வைத்த பெயர் வம்பு. அதுவும் நிலைத்துவிட்டது.

“கழுத்தை மட்டும் இப்போ இறக்கிட்டு, மிச்சத்தை அப்புறம் இறக்கிக்கலாமா சார்?” என்று கேட்டான் வம்பு.

“வம்பு, சும்மா இரு,” என்ற அண்ணி அறையைச் சுற்றிப் பார்த்தார். பச்சைத் திரைச்சீலை. பச்சை மேசைவிரிப்பு. மூலையில் தொங்கிய தீயணைப்புக் கருவிக்குக்கூடப் பச்சைப் பெயின்ட். “உங்களுக்குப் பச்சைன்னா ரொம்பப் பிடிக்குமோ?”

“சிவப்புன்னா ஆகாது. பார்த்தாலே எனக்கு ரத்த அழுத்தம் எகிறிடும்.”

“தக்காளி?”

“காயாத்தான் சாப்பிடுவேன்.” இயக்குநர் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். “இதைப் பாருங்க. துறைமுகத்துக்குக் கம்ப்யூட்டர் வழியா நாங்க அனுப்புற விவரம் இது. எக்ஸ்.எம்.எல். கோப்புன்னு சொல்வாங்க. என்ன விலங்கு, என்ன எடை, எந்தக் கிடங்குக்குப் போகணும், எல்லாம் இதுல இருக்கும். விலங்கைப் பத்தின ஒவ்வொரு வரியும் vil-னு ஆரம்பிக்கணும். விலங்குங்கிறதோட சுருக்கம். அதைப் பார்த்தாத்தான் துறைமுகத்து மிஷின் வாயைத் திறக்கும். இன்னிக்கு என்ன இருக்குன்னு படிங்க.”

அண்ணி படித்தார். எந்த வரியின் தொடக்கத்திலும் vil இல்லை. அந்த இடத்தில் ns2 இருந்தது.

“இதுக்குத் துப்பறிய என்ன இருக்கு? அவன் கையெழுத்தே போட்டுட்டுப் போயிருக்கான்!” இயக்குநர் மேசையைத் தட்டினார். “இந்த ஆபீஸ்ல என்.எஸ்.னு இனிஷியல் உள்ளவங்க ரெண்டு பேர். கிடங்குக்காரர் என்.எஸ். ஒண்ணு. கால்நடை மருத்துவர் என்.எஸ். ரெண்டு. கூட்டத்துல எல்லாரும் கை தட்டினப்போ, ஒட்டகச்சிவிங்கி இப்போ வேண்டாம்னு எழுந்து நின்னு சொன்ன ஒரே ஆள் அந்த என்.எஸ். ரெண்டுதான். வேலையைவிட்டுத் தூக்க உத்தரவு டைப் பண்ணியாச்சு. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா கையெழுத்துப் போட்டுடுவேன்.”

அண்ணி ஆமாம் என்று சொல்லவில்லை. தாளின் கீழ்ப்பகுதியில் அவர் விரல் நின்றது.

“இங்கே ns3-னு இருக்கே. என்.எஸ். மூணு யாரு?”

இயக்குநரின் முகம் முதலில் வெளிறியது. பிறகு மெல்ல மெல்ல, விடியற்காலை வானம் போல வெளிச்சம் பரவியது.

“என் மாமியார்,” என்றார்.

“என்னது?”

“அவங்க இனிஷியலும் என்.எஸ்.தான்! போன மாசம் இங்கே வந்தப்போ வரிசையில நின்னு டிக்கெட் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லிட்டேன். அந்தக் கோபம் இன்னும் தீரலை. கும்பல் அண்ணி, இது பெரிய கும்பல்! உடனே கைது பண்ணிடலாமா? மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி?”

“சார்,” என்றான் வம்பு, “இவ்வளவு சந்தோஷமாப் புகார் கொடுக்கிற ஆளை நான் இன்னிக்குத்தான் பார்க்கிறேன்.”

கால்நடை மருத்துவர் புதிதாகக் கட்டப்பட்ட உயரமான கொட்டகையில், வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் மஞ்சள் கம்பளி நூலில் பின்னிய ஏதோ ஒன்று கிடந்தது. மடியிலிருந்து தரைக்கு இறங்கி, தூணை ஒரு சுற்றுச் சுற்றி, கொட்டகையின் மறுகோடி வரை போயிருந்தது.

“டாக்டர், இது என்ன?” என்றார் அண்ணி.

“மஃப்ளர்.” மருத்துவர் தலையை நிமிர்த்தவில்லை. “நான் ஒட்டகச்சிவிங்கியே வேண்டாம்னு சொல்லலைங்க. மழை நிக்கட்டும், அப்புறம் கொண்டு வாங்கன்னுதான் சொன்னேன். வெயில்ல வளர்ந்த பிராணி. சளி பிடிச்சா அந்தக் கழுத்துக்கு இருமல் மருந்து ஊத்தி அது எப்போ கீழே போய்ச் சேரும்? யாரும் கேக்கலை. சரி, வரும்போது குளிராம இருக்கட்டும்னு நானே பின்ன ஆரம்பிச்சேன்.”

வம்பு மஃப்ளரின் மறுமுனையைத் தேடிக் கொண்டு நடந்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தான்.

“உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா டாக்டர்?”

“சீட்டாடத் தெரியும். அதுலயும் எப்பவும் அதுதான் ஜெயிக்கும்.” மருத்துவர் பின்னல் ஊசியைக் கீழே வைத்தார். “இந்த இடத்துல பிறந்த ஒவ்வொரு குட்டியையும் முதல்ல கையில வாங்கினவன் நான்தாங்க. என்னைப் போய், ஒரு வாயில்லா ஜீவனைக் கப்பல்ல நிறுத்தி வச்சு வேடிக்கை பார்க்கிறவன்னு நினைச்சுட்டாரே. அதைத்தான் தாங்க முடியலை.”

அண்ணி வெளியே வந்தார். வம்பு ஓடி வந்து சேர்ந்துகொண்டான்.

“அண்ணி, இவர் இல்லை.”

“எப்படிச் சொல்றே?”

“வரக் கூடாதுன்னு நினைக்கிற விருந்தாளிக்கு யாராவது இவ்வளவு நீளத்துக்குப் பின்னுவாங்களா? அண்ணன் உங்களுக்கு ஒரு கைக்குட்டை வாங்கிக் கொடுத்திருக்காரா?”

“உங்க அண்ணனை இதுல இழுக்காதே. இந்தக் கோப்பை எழுதுறது யாரு? அவரைப் போய்ப் பார்ப்போம்.”

கோப்பை எழுதியது ஜாவா என்ற கணினி மொழியில் செய்யப்பட்ட ஒரு மென்பொருள். அதைச் செய்தவர் மாடிப்படிக்கு அடியில் ஒரு சிறிய அறையில் இருந்தார். காதுகளை முழுதாக மூடிய பெரிய ஹெட்போன் அணிந்திருந்ததால் அவருக்கு அலுவலகத்தில் ஹெட்போன் என்றே பெயர். கப்பல் வந்ததோ, கோப்பு திரும்பி வந்ததோ, மருத்துவர் மேல் பழி விழுந்ததோ எதுவும் அவர் காதுக்கு எட்டியிருக்கவில்லை.

வம்பு பின்னாலிருந்து ஹெட்போனைக் கழற்றினான். அண்ணி தாளை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“இந்த என்.எஸ். ரெண்டு யாரு?”

ஹெட்போன் தாளைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

“மேடம், இது ஆளே இல்லை! நேம்ஸ்பேஸ்ங்கிறதோட சுருக்கம் ns. பேர் வைக்காத குழந்தைக்கு ஆஸ்பத்திரியில ஒரு நம்பர் கட்டுவாங்க இல்லையா, அது மாதிரி. முன்னால போடுற அடைமொழியா எதை வைக்கணும்னு நாம சொல்லலேன்னா, ஜாவா தன் இஷ்டத்துக்கு ns2, ns3-னு வச்சுக்கிட்டே போகும்.”

“அப்போ இவரோட மாமியார்…” என்று இழுத்தான் வம்பு.

“நிரபராதி.”

“இயக்குநர் மனசு உடைஞ்சுடுமே.”

“இதை ஏன் யார்கிட்டேயும் சொல்லலை?” என்றார் அண்ணி.

“யாராவது கேட்டாங்களா?” என்றார் ஹெட்போன், மெய்யாகவே புரியாமல்.

பிறகு கோப்பின் முதல் வரியைத் தொட்டுக் காட்டினார். “இங்கே பாருங்க. நீளமா ஒரு முகவரி இருக்கு. அதுதான் உண்மையான அடையாளம். அது மாறவே இல்லை. ns2, vil எல்லாம் அந்த முகவரிக்கு வச்ச செல்லப்பேர். விதிப்படி பார்த்தா எந்தப் பேர் வச்சாலும் ஒண்ணுதான்.”

“புரியுது. இவன் என்னை அண்ணின்னு கூப்பிடறான். இவன் அண்ணன் ஏய்ங்கிறார். மாமியார் மூத்தவளேங்கிறாங்க. எப்படிக் கூப்பிட்டாலும் போய் நிக்கிறவ நான் ஒருத்திதான்.”

“அதேதான் மேடம். ஆனா துறைமுகத்து மிஷின் முகவரியைப் பார்க்கிறதில்லை. எழுத்தை மட்டும் பார்க்குது. vil இல்லேன்னா கதவைச் சாத்திடும்.”

அண்ணி துறைமுக அதிகாரிக்குப் போன் செய்தார். எதிர்முனையில் கறாரான ஒரு பெண்குரல். மிஷினை மாற்ற முடியாதா என்று அண்ணி கேட்டார். மேலிடம் சம்மதித்தால் அடுத்த ஆண்டு மாற்றலாம் என்றது குரல். ஒட்டகச்சிவிங்கி அதுவரை நிற்குமா என்று கேட்டார். நிற்கும், ஆனால் கப்பல் நிற்காது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டது.

“சரி, நாமே மாத்திடுவோம்,” என்றார் அண்ணி. “இத்தனை நாள் vil-னு சரியாத்தானே வந்தது?”

ஹெட்போன் தலையைச் சொறிந்தார். “விலங்கு முகவரிக்கு vil, கப்பல் முகவரிக்கு kap-னு சொல்றதுக்குன்னே ஒரு மேப்பர் எழுதி வச்சிருக்கேன். அது அங்கேயேதான் இருக்கு. ஜாவா ஏன் அதைக் கண்டுக்கலைன்னு தெரியலை. எந்த எச்சரிக்கையும் வரலை. தேடினா நேரமாகும். வேணும்னா ஒரு குறுக்கு வழி இருக்கு. கோப்பு எழுதி முடிச்சதும், அதுல எங்கெல்லாம் ns2 இருக்கோ அங்கெல்லாம் vil-னு மாத்தச் சொல்லிடறேன். ஒரே வரி.”

“குறுக்கு வழின்னாலே எங்க அண்ணிக்கு ஆகாது,” என்றான் வம்பு.

“இன்னிக்கு ஆகும். போடுங்க,” என்றார் அண்ணி. அந்தச் சொல்லுக்காக அவர் பின்னால் வருந்தினார்.

ஹெட்போன் அந்த ஒரு வரியைப் போட்டார். கோப்பு பறந்தது. துறைமுகத்து மிஷின் ஏற்றுக்கொண்டது. சன்னலுக்கு வெளியே, தொலைவில், அந்தக் கழுத்து மெல்ல ஆடியபடி கப்பலிலிருந்து கீழே இறங்கியது. இயக்குநர் மூன்றாவது மாடியில் துள்ளிக் குதித்த சத்தம் மாடிப்படிக்கு அடியில் கேட்டது.

சத்தம் ஓய்வதற்குள் போன் அடித்தது. துறைமுக அதிகாரி.

“உங்க ஒட்டகச்சிவிங்கி பயணிகள் கூடத்துல இருக்கு.”

“எங்கே?” என்றார் அண்ணி.

“பயணிகள் கூடம். டிக்கெட் கவுன்டர் வரிசையில. முன்னால நிக்கிற அம்மாவோட தொப்பியை அது சாப்பிட்டாச்சு. பின்னால நிக்கிறவங்களுக்கு அறிவிப்புப் பலகை தெரியலையாம். வந்து கூட்டிட்டுப் போங்க.”

வம்புவின் ஸ்கூட்டரில் அண்ணி. பின்னால் காட்சிச்சாலை வேனில் இயக்குநரும், மடியில் கணினியோடு ஹெட்போனும், யாரும் கூப்பிடாமலேயே ஏறிக்கொண்ட மருத்துவரும். மஃப்ளரின் ஒரு முனை வேனின் சன்னல் வழியாகக் காற்றில் பறந்துகொண்டே வந்தது.

பயணிகள் கூடத்தில் ஒட்டகச்சிவிங்கி வரிசை தவறாமல் நின்றிருந்தது. ஒலிபெருக்கியில் ஒரு குரல் “உயரமான பயணி தயவுசெய்து மின்விசிறியை விட்டு விலகி நிற்கவும்” என்று திரும்பத் திரும்பக் கெஞ்சிக்கொண்டிருந்தது. மருத்துவர் யாரையும் பார்க்காமல் நேரே அதனிடம் போய், அதன் முன்னங்காலில் கையை வைத்து ஏதோ முணுமுணுத்தார். கழுத்து மெல்ல வளைந்து இறங்கி அவர் தோளில் தாடையை வைத்தது.

“அதை யார் இங்கே கொண்டு வந்தது?” என்று கத்தினார் இயக்குநர்.

“உங்க கோப்புதான்,” என்றார் துறைமுக அதிகாரி. கையில் ஒரு தாள். “கிடங்குக்குப் பதிலா travil-னு போட்டிருக்கு. சுமை இறக்குறவர் பார்த்தார். யாரோ அவசரத்துல travel-ஐத் தப்பா எழுதிட்டாங்கன்னு நினைச்சார். பயணம்னா பயணிகள் கூடம்தானே? நல்ல மனுஷன், அவரே திருத்திக்கிட்டு இங்கே கொண்டு வந்து விட்டுட்டார்.”

“மிஷினுக்கு மன்னிக்கவே தெரியலை, மனுஷன் ரொம்ப மன்னிச்சுட்டார்,” என்றான் வம்பு.

“ஆனா நான் மன்னிக்க மாட்டேன்,” என்றார் அதிகாரி. “விலங்கு வந்த கூண்டுல ஒட்டியிருக்கிற கிடங்குப் பேர் trans2. கோப்புல travil. ரெண்டும் பொருந்தலை. நாலு மணிக்குள்ள பொருந்தலேன்னா திரும்பக் கப்பல்ல ஏத்திடுவேன்.”

அண்ணி தாளை வாங்கிப் பார்த்தார். trans2. travil. உதடுகள் எழுத்துகளை ஒவ்வொன்றாக உச்சரித்தன. சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“ஹெட்போன்! எங்கெல்லாம் ns2 இருக்கோ அங்கெல்லாம்னு சொன்னீங்களே. trans2-ல கடைசி மூணு எழுத்து என்ன?”

ஹெட்போன் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூட அவருக்கு நேரமாயிற்று.

“கிடங்கோட வாலை வெட்டி விலங்கோட தலையை ஒட்டிட்டேன்,” என்றார்.

“குறுக்கு வழி வேண்டாம். மேப்பருக்கு வாங்க,” என்றார் அண்ணி. பெட்டிகள் தள்ளும் வண்டி ஒன்றின் மேல் கணினியை வைத்து ஹெட்போன் திறந்தார். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். வரிசையில் நின்ற பயணிகளும் டிக்கெட்டை மறந்து எட்டிப் பார்த்தார்கள்.

“மேப்பரை ஜாவாகிட்ட எப்படிக் கொடுக்கிறீங்க?”

“அதுக்குன்னு ஒரு அமைப்புப் பேர் இருக்கு. அந்தப் பேரைச் சொல்லி ஒப்படைக்கணும்.”

“சமீபத்துல எதையாவது மாத்தினீங்களா?”

“போன வாரம் ஜாவாவோட லைப்ரரியை, அதாவது துணை நிரல்களை, புதுசா மாத்தி…” ஹெட்போன் நிறுத்தினார். “அய்யோ. புதுசுல அந்தப் பேரையே மாத்திட்டாங்க. நான் இன்னும் பழைய பேரைத்தான் சொல்லிட்டிருக்கேன்.”

“தெரியாத பேரைச் சொன்னா ஜாவா என்ன பண்ணும்?”

“கத்தும். அப்படி ஒரு பேரே இங்கே இல்லைன்னு எச்சரிக்கை வீசும்.”

“அப்போ ஏன் இன்னிக்குக் கத்தலை?”

ஹெட்போன் கணினியில் கொஞ்சம் கீழே இறங்கி, ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். வீசப்படும் எச்சரிக்கையைப் பிடித்து, பிறகு என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டிய இடம். இரண்டு அடைப்புக்குறிகள் இருந்தன. நடுவே ஒன்றும் இல்லை.

“கத்தியிருக்கு மேடம். நான்தான் பிடிச்சு வச்சு…”

“சாட்சியைப் பிடிச்சு, வாயில துணியை அடைச்சுப் பரண்ல போட்டிருக்கீங்க,” என்றான் வம்பு.

“யார் சொல்லி?” என்றார் அண்ணி.

ஹெட்போன் பார்வையை மெல்லத் திருப்பினார். அந்தத் திசையில் அதிகாரி திரும்பினார், மருத்துவர் திரும்பினார், பயணிகள் திரும்பினார்கள். மருத்துவரின் தோளிலிருந்து தாடையை எடுத்து ஒட்டகச்சிவிங்கியும் திரும்பியது.

எல்லோரும் பார்த்தது இயக்குநரை.

“நானா? நான் என்ன சொன்னேன்?” இயக்குநர் ஓரடி பின்வாங்கினார். “என் ஸ்கிரீன்ல சிவப்பு எழுத்து எதுவும் வரக் கூடாதுன்னு… அது மட்டும்தான்…”

“எச்சரிக்கை எல்லாம் சிவப்பு எழுத்துலதான் வரும் சார்,” என்றார் ஹெட்போன் தணிந்த குரலில். “நீங்க தினமும் திட்டினீங்க. அதனால எல்லாத்தையும் வாயடைச்சுட்டேன்.”

“தீயணைப்புக் கருவிக்குப் பச்சைப் பெயின்ட் அடிச்சிருந்தீங்க,” என்றார் அண்ணி. “அதைப் பார்த்தப்பவே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. தீப்பிடிச்சா எதைத் தேடி ஓடுவீங்க? என்.எஸ். ரெண்டு, என்.எஸ். மூணுன்னு ஒரு கும்பலையே பிடிக்கச் சொன்னீங்களே, நான் தேடி வந்த ஆள் காலையிலேருந்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்திட்டிருந்தார்.”

கப்பல் ஒருமுறை ஊதியது. ஹெட்போன் பழைய பேரை அழித்துப் புதிய பேரை எழுதினார். அந்தக் குறுக்கு வழி வரியைத் தூக்கி எறிந்தார். கோப்பு மறுபடி உருவானது. அண்ணி வரி வரியாகப் பார்த்தார். தொடக்கத்திலெல்லாம் vil. கப்பல் பற்றிய வரிகளில் kap. கிடங்கின் பெயர் மட்டும் யாரும் தொடாமல், trans2 என்றே இருந்தது.

“அனுப்புங்க.”

அதிகாரி தன் கையிலிருந்த கருவியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். வம்பு நகத்தைக் கடித்தான். நகம் தீர்ந்ததும் அண்ணியின் கைப்பையின் வாரைக் கடித்தான். கப்பல் இரண்டாம் முறை ஊதியபோது கருவி கீச்சென்று ஒரு குரல் கொடுத்தது.

“பொருந்திடுச்சு,” என்றார் அதிகாரி. அவர்கூட ஒரு நொடி சிரித்துவிட்டார்.

பயணிகள் கைதட்டினார்கள். தொப்பி இழந்த அம்மாள்தான் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினார். மருத்துவர் மஃப்ளரைச் சுற்ற ஆரம்பித்தார். ஏணி வைத்துப் பாதி தூரம் ஏறியதும் மஃப்ளரின் மிச்சம் கைக்கு எட்டவில்லை. கீழிருந்து ஒரு கை அதை ஒழுங்காக எடுத்துக் கொடுத்தது. குனிந்து பார்த்தார். இயக்குநர்.

“தப்பு என் பேர்லதான் டாக்டர்,” என்றார் இயக்குநர். “அந்த உத்தரவைக் கிழிச்சுப் போட்டுடறேன்.”

“முதல்ல முடிச்சு விழாமப் பிடிங்க சார்,” என்றார் மருத்துவர். குரலில் கோபம் இல்லை.

ஒட்டகச்சிவிங்கியை ஏற்ற மேற்கூரை இல்லாத லாரி ஒன்று வந்தது. ஓட்டுநர் கழுத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தயங்கினார். “வழியெல்லாம் கரண்ட் கம்பி, மரக்கிளை. மேலே யாராவது ஏறி நின்னு, முன்னாடியே பார்த்துச் சத்தம் போட்டாத்தான் நான் வண்டியை எடுப்பேன்.”

அண்ணி இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் லாரியைப் பார்த்தார். துறைமுகத் தொழிலாளி ஒருவர் சிவப்புக் கொடி ஒன்றைக் கொண்டு வந்து அவர் கையில் திணித்தார். இயக்குநர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அதை வாங்கினார்.

“கண்ணைத் திறந்து வச்சுக்கங்க சார்,” என்றார் அண்ணி. “அதுக்குத்தானே மேலே ஏத்துறோம்.”

லாரி நகர்ந்தது. மஞ்சள் மஃப்ளர் சுற்றிய கழுத்துக்குப் பக்கத்தில், ஓட்டுநர் அறையின் கூரைமேல் நின்றுகொண்டு, முகமெல்லாம் வியர்த்து, சிவப்புக் கொடியை ஆட்டியபடி இயக்குநர் ஊர் முழுக்கக் கத்திக்கொண்டே போனார்.

“கம்பி! கம்பி! நிறுத்து! கிளை வருது, கிளை! டேய், நிறுத்துடா!”